விலகல் விகிதம்

என் நகரத்தில் பத்தாயிரம் முனைகள்.
முகம் கிடையாது, பசி உண்டு:
நானூறு துண்டாக வெட்டிய ஒரே கோப்பு
எல்லோருக்கும் வேண்டும்.
மூலம் மும்பையில். நகல் வைட்ஃபீல்டில்.
மீதியை அவர்களே
ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளட்டும் என்பது
பிரசாந்த் குல்கர்னியின் ஆசை.
அதில் கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் என்று
வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு கோடு வரைய வேண்டும்.

அங்கே நேரம் ஓடுவதில்லை, குதிக்கிறது,
ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்கு.
ஒரு முனை கேட்கிறது: 0.80.
இன்னொன்று தருகிறது: 0.83.
நடுவில் மழையில்லை, டீ இல்லை,
சில்க் போர்டில் நின்ற நாற்பது நிமிடம் இல்லை.
காத்திருப்பு என்பது அங்கே
வெறும் கழித்தல் கணக்கு.

விலகல் விகிதம் மணிக்கு முப்பது சதவீதம் என்று வைத்தேன்.
சொல்லாமலா போவார்கள் என்று கேட்டார் பிரசாந்த்.
சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டா என்றேன்.
சிரித்தார். அதற்கும் ஓர் எண் கொடுக்கச் சொன்னார்.
சொல்லிக்கொண்டு போகிறவர்: நூற்றுக்கு நான்கு.

கக்கதாசபுரா லேடீஸ் பி.ஜி., மூன்றாம் மாடி.
பதினான்கு பேர், ஒரு வைஃபை, ஒரு கீசர்.
இறுதியாட்டத்தன்று
பதினான்கு திரையிலும் ஒரே வட்டம் சுற்றியது.
கீழ்த்தெருவில் வெடி வெடித்து ஓய்ந்த பிறகுதான்
எங்கள் பந்துவீச்சாளர் ஓடவே தொடங்கினார்.
இம்மாகுலேட் தன் போனை
ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தாள்.
அவளுடையது வேறு சிம். ஓடியது.
ஒரு கட்டிலில் பதினான்கு பேர்.
தலைகளின் இடுக்கில் எனக்குக் கிடைத்தது
மிட்விக்கெட் மட்டும்.
யார் அவுட் என்று முன்னால் இருந்தவள் சொன்னாள்,
அதை நான் பின்னால் சொன்னேன்.

மறுநாள் ஆபீஸில்
வைட்ஃபீல்டு நகலை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன்.
முதலில் செத்தது.
முனை 3117, நாற்பத்தோராவது நொடியில்,
துண்டு 288-ஐக் கையில் வைத்துக்கொண்டு போனது.
அது வேறு யாரிடமும் இல்லை.
விதை எண்ணை மாற்றாதவரை
எத்தனை முறை ஓட்டினாலும்
அதே நொடியில், அதே கையோடு போகும்.
ஒருமுறை நாற்பதில் நிறுத்திவிட்டு
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு விதியை மாற்றினேன்:
அரிதானதை முதலில் கேள்.
எல்லோரிடமும் இருப்பது எங்கும் போகாது.
ஒருவரிடம் மட்டும் இருப்பதை
அவர் இருக்கும்போதே வாங்கி வை.
தாங்கியது.

இம்மாகுலேட் ஞாயிறு விடியலில் காலி செய்தாள்.
ஹைதராபாத்தில் வேலையாம்,
வாட்ச்மேன் பசவராஜப்பா சொன்னார்.
பாதி ஷாம்பூவும் ஒரு பச்சை வாளியும் மிச்சம்.
திங்கள் காலை கீசர் சுடவில்லை.
பதின்மூன்று பேர் மாற்றி மாற்றித் திருகினோம்.
அப்போதுதான் தெரிந்தது
அது என்றைக்குமே தானாகச் சுட்டதில்லை.
எந்தப் பக்கம் தட்டுவாள், ஸ்விட்சை
எத்தனை முறை போட்டு அணைப்பாள்,
ஒருத்தியும் கேட்டுவைக்கவில்லை.
மெசேஜ் போட்டேன்.
ஒற்றை டிக்.

வெள்ளிக்கிழமை கோட்டைக் கொடுத்தேன்.
பிரசாந்துக்கு அதன் வளைவு பிடித்திருந்தது.
குளிர்ந்த நீரில் குளித்து எனக்குச் சளி பிடித்திருந்தது.

நேற்று அந்தக் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி.
சுஷ்மிதா மஹதோ, ஊர் தன்பாத்.
பெட்டியை இறக்குவதற்குள் கேட்டுவிட்டேன்,
என் அரைகுறை இந்தியில்:
கீசர் ரிப்பேர் தெரியுமா?
தெரியாது என்றாள்.
போர்வையை உதறிக்கொண்டே, சற்றுக் கழித்து,
தூக்கத்தில் பேசுவேன், பரவாயில்லையா என்றாள்.
என்ன பேசுவாய்?
யாரும் சொன்னதில்லை.

கேட்டுவைக்கிறேன் என்றேன்.